பிளஸ் செவன் வெறி: கேமர் கேள்வி பதில்

கேள்வி: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கற ஆன்லைன் கேம் புதுசா ஆடறேன். என்கிட்ட ஒரு பர்ப்பிள் ஹெல்மெட் இருக்கு. இப்ப ஒரு ப்ளூ ஹெல்மெட் விழுந்திருக்கு, அதுல ஐட்டம் லெவல் (ஐட்டத்தோட பவர் நம்பர்) அதிகமாக் காட்டுது. மாத்துடான்னு ஃப்ரெண்டு சொல்றான், பர்ப்பிளைக் கழட்ட எனக்கு மனசே வரல. என்ன பண்ண?

கழட்டிடுங்க. சாம்பல், வெள்ளை, பச்சை, நீலம், பர்ப்பிள், ஆரஞ்சுன்னு போற கலர் வரிசை அந்த ஐட்டம் எவ்வளவு அபூர்வம்னுதான் சொல்லும், எவ்வளவு அடிக்கும் எவ்வளவு தாங்கும்ங்கறதெல்லாம் பெரும்பாலும் ஐட்டம் லெவல்லதான் இருக்கு. 2007ல பர்னிங் க்ரூசேட்ங்கற பெரிய அப்டேட் வந்தப்ப, மாசக்கணக்கா ரெய்டு (கூட்டமாச் சேர்ந்து பெரிய பாஸை அடிக்கிறது) அடிச்சு பர்ப்பிள் சேர்த்தவங்க புது மேப்புக்குள்ள போய் நாலு க்வெஸ்ட் முடிச்சதும் கெடச்ச பச்சையை எடுத்து மாட்டிக்கிட்டாங்க, அன்னிக்கு வந்த புலம்பல் இருக்கே, அப்பப்பா! ஒரே ஒரு விஷயம் மட்டும் பார்த்துக்கங்க. அந்த பர்ப்பிள் ஒரு செட்டோட பீஸா இருந்து, அதைக் கழட்டினா 2 பீஸோ 4 பீஸோ சேர்த்து மாட்டினதுக்குக் கெடைக்கிற போனஸ் போயிடும்னா கொஞ்சம் பொறுங்க. மத்தபடி உங்க ஃப்ரெண்டு சொல்றது கரெக்ட்டு.

கேள்வி: ரக்னராக் ஆன்லைன்ல லெவல் 4 வெப்பன் ஒண்ணு நாலு தடவை அப்கிரேட் ஆகி பிளஸ் ஃபோர்ல இருக்கு. பிளஸ் செவன் ஆக்கியே தீரணும்னு வெறி. ஃபெயில் ரேட் ஒண்ணும் மோசமாத் தெரியல, சுத்தியல் அடிச்சு ஏத்தலாமா?

வேணாம். பழைய கிளாசிக் ரேட்டை எடுத்துக்குவோம். லெவல் 4 வெப்பனுக்கு பிளஸ் ஃபோர் வரைக்கும் சேஃப் (உடையாது), அதுக்கு மேல ஏறற சான்ஸ் பிளஸ் ஃபைவுக்கு 60%, சிக்ஸுக்கு 40%, செவனுக்கு மறுபடி 40%. தனித்தனியாப் பார்த்தா பரவால்லையேன்னு தோணும், இங்கதான் எல்லாரும் மாட்டறது, ஏன்னா மூணையும் வரிசையாத் தாண்டணும், அப்ப மூணையும் பெருக்கணும், பெருக்கினா வர்றது 9.6%. அதாவது பத்து கத்தி எடுத்துட்டுப் போனா சராசரியா ஒண்ணுதான் முழுசா வெளிய வரும், மத்ததெல்லாம் வழியிலயே உடைஞ்சிடும். எக்ஸ்ட்ரா பவருக்காகக் கத்திக்குள்ள போட்டு வச்சிருக்கிற கார்டும் சேர்ந்தே காலி. இதுக்குக் கெடைக்கிறது என்ன? லெவல் 4 வெப்பனுக்கு ஒரு பிளஸ்ஸுக்கு 7 அட்டாக், அதோட சேஃப் லிமிட் தாண்டினதுக்கு கொஞ்சம் எக்ஸ்ட்ரா. அவ்வளவுதான்.

"ஏற்கனவே நாலு தடவை ஃபெயில் ஆயிடுச்சு, அடுத்தது கண்டிப்பா ஏறும்"னு ஒரு நெனப்பு வரும் பாருங்க, அதை நம்பாதீங்க. 10% சான்ஸ் உள்ளதை 10 தடவை அடிச்சா ஒரு தடவையாவது ஏற வாய்ப்பு 65%தான், 90%க்கு மேல வேணும்னா 22 தடவை அடிக்கணும், ஆனா 21 தடவை ஃபெயில் ஆனவனுக்கும் அடுத்த அடி அதே 10%தான். கேமுக்கு உங்க கஷ்டம் ஞாபகம் இருக்காது. பிளாக் டெசர்ட் மாதிரி சில கேம்ல மட்டும் கதை வேற, ஒவ்வொரு ஃபெயிலுக்கும் ஃபெயில்ஸ்டேக்ங்கற கணக்கு ஏறி அடுத்த சான்ஸ் கூடும், அதனாலயே அங்க குப்பை ஐட்டத்தை வேணும்னே அடிச்சு ஸ்டேக் ஏத்திட்டு நல்ல ஐட்டத்துக்கு வருவாங்க. உங்க கேம் எந்த டைப்புன்னு தெரிஞ்சுக்காம சுத்தியலைத் தூக்காதீங்க.

அவ்வளவு ஆசைன்னா யாரோ அடிச்சு ஏத்தின பிளஸ் செவனை ஷாப்புல பார்த்து வாங்கிடுங்க. வெலை கண்ணைக் கட்டும்தான், ஆனா அந்த விலைக்குள்ள இன்னொருத்தர் உடைச்ச கத்தியெல்லாம் அடங்கியிருக்கு, நீங்களா அடிச்சாலும் அதே செலவு, மேல டென்ஷன் வேற.

அப்புறம் ஒண்ணு, ரேட்டையே வெளிய சொல்லாத கேமா இருந்தா நான் காசு போட மாட்டேன். தென்கொரியாவுல 2024 மார்ச் 22லேர்ந்து காசு கொடுத்து வாங்கற ரேண்டம் ஐட்டத்துக்கெல்லாம் வாய்ப்பு எவ்வளவுன்னு கம்பெனி வெளிப்படையாப் போட்டே ஆகணும்னு சட்டம். அங்கயே சட்டம் போட்டுத்தான் சொல்ல வைக்க வேண்டியிருந்துச்சு.

கேள்வி: ஆல்பியன் ஆன்லைன்ல எங்க கில்டுல (டீம்ல) எல்லாரும் டி7, அதாவது ஏழாவது டியர் ஐட்டம் போட்டுட்டுத் திரியறாங்க, நான் இன்னும் டி4. "நீ 4.3 போடு, அதே பவர்தான்"னு ஒரு அண்ணா சொல்றாரு. கலாய்க்கிறாரா?

இல்ல, நெசமாத்தான் சொல்றாரு. சாதா டி4க்கு ஐட்டம் பவர் 700. டியர் ஒண்ணு ஏறினா 100 கூடும், புள்ளிக்கு அப்புறம் வர்ற என்சான்ட் (மந்திர அப்கிரேட்) ஒண்ணு ஏறினாலும் அதே 100. அப்ப 4.3ன்னா, அதாவது டி4ல மூணு என்சான்ட்னா 1000, சாதா டி7னாலும் 1000. டி7 போட டெஸ்டினி போர்டுல (எதெல்லாம் போடலாம்னு ஒவ்வொண்ணா ஓப்பன் ஆகற பலகை) அது வரைக்கும் ஏறியிருக்கணும், 4.3க்கு டி4 ஓப்பன் ஆயிருந்தாப் போதும். குவாலிட்டியும் பாருங்க, குட்டுன்னா 20, அவுட்ஸ்டாண்டிங் 40, எக்ஸலன்ட் 60, மாஸ்டர்பீஸ் 100 எக்ஸ்ட்ரா. அதனால மார்க்கெட்டுக்குப் போனா 4.3, 5.2, 6.1, 7.0 நாலு வெலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, அன்னிக்கு எது சீப்போ அதை எடுங்க. ரெட் ஸோன், பிளாக் ஸோன் போறதா இருந்தா செத்ததும் மாட்டியிருக்கிறது மொத்தமும் போயிடும், திரும்ப ஒரு செட் வாங்கக் கையில சில்வர் (கேம் காசு) இருக்கான்னு பார்த்துட்டுப் போங்க.

கேள்வி: அப்கிரேட் மெட்டீரியல் நெறைய சேர்ந்திருக்கு. முதல்ல எதுக்குப் போடறது?

அடிக்கிற ஆளுன்னா வெப்பன், முன்னால நின்னு அடி வாங்கற டேங்க்னா மார்புக் கவசம். லெவல் ஏத்தற வழியில மாத்திக்கிட்டே இருக்கிற ஐட்டத்துக்கு ஒண்ணு கூடப் போடாதீங்க. பெரிய அப்டேட் வருதுன்னு அறிவிச்சிருந்தா அது வர்ற வரைக்கும் பெட்டியிலயே கிடக்கட்டும்.