வாசகர் கேள்வி – பதில்: லாகின் செய்ததும் தொடங்க மறுக்கும் உதவி நிரல்

கேள்வி: விண்டோஸ் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) நிறுவி, அதற்குள் உபுண்டு லினக்ஸைப் பயன்படுத்துகிறேன். இரண்டையும் இணைக்கும் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணைத் தொகுப்பும் நிறுவப்பட்டுள்ளது. பகிர்ந்த கோப்புறை ஒழுங்காகத் திறக்கிறது. ஆனால் ஒரு பக்கம் நகலெடுத்ததை மறுபக்கம் ஒட்ட முடியவில்லை. டெர்மினலில் விபாக்ஸ்கிளையண்ட் நிரலைக் கிளிப்போர்டு என்ற தேர்வுடன் நானே இயக்கினால் ஒட்ட முடிகிறது. மறுமுறை லாகின் செய்தால் மீண்டும் இல்லை. கெஸ்ட் அடிஷன்ஸை நீக்கி, புதிதாக நிறுவியும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: கையால் இயக்கினால் வேலை செய்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. கெஸ்ட் அடிஷன்ஸ் என்பது ஒரே நிரல் அன்று. லினக்ஸின் மையமான கெர்னலில் ஏற்றப்படும் மாட்யூல்கள் ஒரு பகுதி. கணினி தொடங்கும்போதே, யாரும் லாகின் செய்வதற்கு முன்பே, ரூட் (நிர்வாகி) உரிமையுடன் பின்னணியில் ஓடத் தொடங்கும் விபாக்ஸ்சர்வீஸ் இன்னொரு பகுதி. நீங்கள் லாகின் செய்தபின் உங்கள் பெயரில், உங்கள் டெஸ்க்டாப்புக்குள் தொடங்க வேண்டிய விபாக்ஸ்கிளையண்ட் மூன்றாவது. பகிர்ந்த கோப்புறை திறப்பதால் மாட்யூல் ஏற்றப்பட்டிருக்கிறது. கையால் இயக்கியதும் ஒட்ட முடிவதால் விபாக்ஸ்கிளையண்டும் பழுதில்லை. லாகின் நேரத்தில் அதை யாரும் அழைக்கவில்லை என்பதே குறை.

அந்த அழைப்பு இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கும். ஒன்று, எக்ஸ்11 (திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய அமைப்பு) அமர்வு தொடங்கும்போது படிக்கப்படும் எக்ஸ்செஷன்.டி கோப்புறையில், 98 என்ற எண்ணுடன் தொடங்கும் சிறு ஸ்கிரிப்ட். மற்றொன்று, இடிசி கோப்புறைக்குள் எக்ஸ்டிஜி, அதற்குள் ஆட்டோஸ்டார்ட் என்ற கோப்புறையில் இருக்கும் டெஸ்க்டாப் கோப்பு. எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலேண்ட் அமர்வில் முதலாவது பயன்படாது. உபுண்டு 21.04 முதல் பெரும்பாலான கணினிகளில் வேலேண்டே இயல்பான அமர்வு என்பதால், உங்களுக்கு இரண்டாவது கோப்பே முக்கியம். எந்த அமர்வில் இருக்கிறீர்கள் என்பதை அமைப்புகளில் கணினி விவரப் பக்கத்திலுள்ள விண்டோயிங் சிஸ்டம் என்ற வரி சொல்லிவிடும்.

அடுத்து, உங்கள் ஹோம் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக் கோப்புறையில் ஆட்டோஸ்டார்ட் என்ற உட்கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். அதே பெயருள்ள டெஸ்க்டாப் கோப்பு அங்கே இருந்தால், பொதுக் கோப்பை விட்டுவிட்டு இதையே டெஸ்க்டாப் படிக்கும். அதில் ஹிட்டன் என்ற வரியின் மதிப்பு ட்ரூ என்று இருந்தால் நிரல் ஒருபோதும் தொடங்காது. தொடக்கச் செயலிகளின் பட்டியலில் என்றோ ஒருநாள் ஒரு குறியை நீக்கியிருந்தாலும் இத்தகைய கோப்பு உருவாகியிருக்கலாம். நீக்கி நிறுவியதில் பலன் இல்லாததற்கும் இது காரணமாக இருக்கக்கூடும். ஏனெனில் நிறுவல் நிரல் உங்கள் ஹோம் கோப்புறையைத் தொடுவதில்லை. (கோளாறு எதுவானாலும் முதலில் மறுநிறுவல் செய்யும் பழக்கம் எனக்கு ஏற்புடையதன்று, அது நேரத்தைத் தின்பதோடு தடயத்தையும் அழித்துவிடுகிறது.) அந்தக் கோப்பை நீக்கிவிட்டு, வெளியேறி மீண்டும் லாகின் செய்யுங்கள்.

ஐ3 போன்ற எளிய சாளர மேலாளரைப் பயன்படுத்துவோருக்கு ஒரு சொல்: அது ஆட்டோஸ்டார்ட் கோப்புறையைத் தானாகப் படிப்பதில்லை. அதன் அமைப்புக் கோப்பிலேயே விபாக்ஸ்கிளையண்டை அழைக்கும் வரியைச் சேர்த்துவிட வேண்டும்.

கேள்வி: கெர்னல் புதுப்பித்தலுக்குப் பிறகு என் லினக்ஸில் கையால் இயக்கினாலும் கெர்னல் சேவையுடன் இணைய முடியவில்லை என்றே செய்தி வருகிறது.

பதில்: இங்கே தொடக்கக் கோப்புகளைத் தேடுவது வீண். புதிய கெர்னலுக்கு ஏற்ற மாட்யூல் உருவாகவில்லை, அல்லது உருவாகியும் ஏற்றப்படவில்லை. மாட்யூலை உருவாக்கத் தேவையான ஜிசிசி, மேக், பெர்ல் ஆகிய கருவிகளும், இப்போது ஓடும் கெர்னலின் அதே பதிப்புக்கான ஹெடர் கோப்புகளும் இருக்கின்றனவா என்று பார்த்து, கெஸ்ட் அடிஷன்ஸின் அமைப்பு ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டுங்கள். தோல்வியின் காரணம் வார் கோப்புறைக்குள் உள்ள லாக் பகுதியில் விபாக்ஸ்ஆட் செட்டப் என்ற பெயரில் பதிவாகியிருக்கும். மெய்நிகர் கணினியில் செக்யூர் பூட் இயங்கினால், கையொப்பமிடப்படாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது.

உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல் தரும் கெஸ்ட் அடிஷன்ஸ் தொகுப்பையும் விர்ச்சுவல்பாக்ஸின் சிடி வழியாக வரும் நிறுவலையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவது இன்னொரு தொல்லை. போதாததற்கு, கெர்னல் 4.16 முதல் விபாக்ஸ்கெஸ்ட் மாட்யூலும், 5.6 முதல் பகிர்ந்த கோப்புறைக்கான மாட்யூலும் கெர்னலின் மூலநிரலிலேயே இடம்பெற்றுவிட்டன. ஆகவே ஏதேனும் ஒரு வழியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை முழுமையாக நீக்குங்கள்.

கேள்வி: மெய்நிகர் கணினிக்குள் விண்டோஸ் இருந்தால்?

பதில்: அங்கே இதே வேலையைச் செய்வது விபாக்ஸ்ட்ரே. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் அது முடக்கப்பட்டிருந்தால் இயக்கிவிடுங்கள். அது ஓடியும் ஒட்ட முடியவில்லை என்றால், மெய்நிகர் கணினிச் சாளரத்தின் டிவைசஸ் மெனுவில் பகிர்ந்த கிளிப்போர்டு எந்த நிலையில் உள்ளது என்று பாருங்கள். புதிதாக உருவாக்கும் ஒவ்வொரு மெய்நிகர் கணினியிலும் அது முடக்கப்பட்ட நிலையில்தான் வருகிறது.