குளிசை போட்டால் கந்தசட்டி விரதம் முறியுமா?

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். புடவைக்கடையில் வேலை. கந்தசட்டி ஆறு நாளும் பால் பழத்தோடு இருந்து மௌனமும் காக்க விருப்பம். ஆனால் கடையில் கதைக்காமல் முடியாது, சீனி வருத்தத்துக்குக் குளிசையும் போடுகிறார். இரண்டாலும் விரதம் முறியும், தோஷம் கழிக்கப் பூசை செய்து தருகிறேன் என்று ஒருவர் இருபதாயிரம் ரூபாய் கேட்டாராம்.

முதலில் அந்தக் காசைக் கொடுக்காதீர்கள். முறிந்த விரதத்தை ஒட்டித் தருகிற பூசை என்று ஒன்றும் கிடையாது. சட்டி நெருங்கினால் இப்படியானவர்கள் கோயில் வீதியில் முளைத்துவிடுவார்கள். முதலில் பயத்தை விற்பார்கள், அப்புறம் தகடு, பிறகு இன்னொரு தகடு. கேட்டால் குருக்களின் பெயரைச் சொல்வார்கள். நேரே குருக்களிடமே போய்க் கேளுங்கள், பாதிப் பேர் அதோடு காணாமல் போய்விடுவார்கள்.

விரதத்துக்கு ஆறுமுக நாவலர் சொன்ன விளக்கத்தில் உணவை விடுவதும் உண்டு, சுருக்குவதும் உண்டு. மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வழிபடுவதுதான் அதில் முக்கியம். ஆகவே எழும்பியதிலிருந்து காலைப் பூசை முடியும்வரை மௌனம், கடை விட்டு வந்து படுக்கும்வரை மௌனம். போதும். கடையில் விலையும் அளவும் தாராளமாகச் சொல்லுங்கள். சாயம் போகும் சேலையைப் போகாது என்று சத்தியம் பண்ணாதீர்கள், அங்கேதான் முறியும். வாயை மூடிக்கொண்டு வாட்ஸ்அப்பில் ஊர்வம்பு அடிப்பதும் மௌனத்தில் சேராது.

குளிசை விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். சில சீனிக் குளிசைகளும் இன்சுலினும் சாப்பாடு குறைந்தால் சீனியை ஒரேயடியாக இறக்கிவிடும். அதனால் சட்டிக்கு முன்பே கிளினிக்கில் கேளுங்கள். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். டொக்டர் பால் பழம் போதாது என்றால் ஒருநேரச் சோறு, அதுவும் போதாது என்றால் மூன்று நேரமும் மரக்கறிச் சாப்பாடு. கை நடுங்கி வியர்த்தால் உடனே சீனித் தண்ணீர் குடியுங்கள். முருகன் கோபிக்க மாட்டார். பக்கத்து வீட்டு மாமி கோபித்தால் கோபிக்கட்டும்.

திகதிதான் அடுத்த தலையிடி. வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று சொல்லும், திருக்கணிதம் சில வருஷம் வேறொன்று சொல்லும். இத்தனை பரிபாலன சபைகள் இருந்தும் ஒரு ஊருக்கு ஒரு திகதி சொல்ல முடியவில்லை. ஒலிபெருக்கியில் உபயகாரர் பெயரை மணிக்கணக்காக வாசிக்க மட்டும் நேரம் இருக்கிறது, அடியார்தான் மௌனம் காக்க வேண்டுமாம்! நீங்கள் போகும் கோயில் எதைப் பார்க்கிறதோ அதையே பிடியுங்கள்.

சூரன்போர் முடிந்த மறுநாள் பாறணைக்கு வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். பாயசத்தை ஒரு கரண்டியோடு விடுங்கள்.