கணவர் வெளியூரில், வெள்ளம் வாசலில்: கேள்வி பதில்

ஆண்கள் பிழைப்புக்காக வெளியூர் போய்விட்ட வீடுகளில் புயலையும் வெள்ளத்தையும் வறட்சியையும் பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? இதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். நிவாரண வேலையிலும் அதற்குப் பிந்தைய கிராமக் கணக்கெடுப்புகளிலும் பல வருடம் அலைந்தவள் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: காலநிலை மாற்றத்தால்தான் ஆண்கள் ஊரை விட்டுப் போகிறார்கள் என்று சொல்லிவிடலாமா மேடம்?

அப்படி ஒரே காரணத்தில் அடக்க முடியாது. கடன், கூலி, முன்பே போய்ச் சேர்ந்த அண்ணனோ மச்சானோ என்று எல்லாம் சேர்ந்துதான் ஆளைக் கிளப்புகிறது. ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. நாம் நினைப்பதுபோல் வெள்ளம் பெரிய காரணம் இல்லை. பாகிஸ்தான் கிராமங்களில் 1991 முதல் 2012 வரையிலான தரவுகளை வைத்துச் செய்த ஆய்வில், கடும் வெப்பம்தான் ஆண்களை நீண்ட காலத்துக்கு வெளியே அனுப்பியது. வெள்ளத்தின் பங்கு சொற்பம். வங்கதேசத்திலும் வெள்ளத்தைவிடப் பயிர் பொய்த்ததே அதிகம் பேரைக் கிளப்பியது. வெள்ளம் வந்தால் நிவாரண லாரி வரும், அமைச்சர் வருவார். வெயிலில் கருகிய வயலைப் பார்க்க யார் வருகிறார்கள்?

கேள்வி: கணவர் இல்லாதபோது பெண்ணே வீட்டை நடத்துகிறாள். அது அவளுக்கு அதிகாரம்தானே? ஏன் எல்லோரும் சோகமாகவே எழுதுகிறீர்கள்? (ஆராய்ச்சி மாணவி)

நல்ல கேள்வி. நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நம்பினேன். சில வீடுகளில் அது உண்மையும்கூட. வங்கிக்குத் தனியாகப் போகிறார்கள், ஊர்க்கூட்டத்தில் உட்காருகிறார்கள், ஆள் வைத்து அறுவடை செய்கிறார்கள்.

ஆனால் வேலை கைமாறும் வேகத்தில் உரிமை கைமாறுவதில்லை. எதை விதைப்பது என்பதை அவள் தீர்மானிப்பாள். மாட்டை விற்கலாமா, கிணற்றை ஆழப்படுத்தக் கடன் வாங்கலாமா என்றால் போனில் கேட்டுத்தான். மாமனார் மாமியாரோடு இருக்கும் வீடென்றால் பல நேரம் அந்த அதிகாரம் மகனிடமிருந்து மாமனாருக்குப் போகிறது, மருமகளுக்கு வருவதில்லை. தனிக்குடித்தனத்தில் இருப்பவளுக்கு முடிவெடுக்கும் சுதந்திரம் கூடுதல், ஒத்தாசைக்கு ஆள் குறைவு. எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பாலினமும் வளர்ச்சியும் பற்றி ஆராயும் பேராசிரியர் நித்யா ராவும் சக ஆய்வாளர்களும் 2019-இல் ஆசியா, ஆப்பிரிக்காவில் நடந்த 25 கள ஆய்வுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆண்கள் வெளியேறுவதும் பெண்களின் மோசமான வேலைச் சூழலும் வறுமையோடோ அரசு அமைப்புகளின் தோல்வியோடோ சேரும் இடங்களில், பெண்கள் தாமே முடிவெடுத்துச் செயல்படுவது சுருங்குகிறது என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள், அதுதான் எனக்கு உறைத்தது: வீட்டில் ஆதரவு இருந்தாலும், சட்டத்தில் உரிமை இருந்தாலும், சுற்றுச்சூழல் நெருக்கடி அதைக் கீழே இழுத்துவிடுகிறது. தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக நடப்பவளுக்கு ஊர்க்கூட்டத்துக்கு வர நேரம் ஏது?

கேள்வி: மாதாமாதம் பணம் வருகிறதே அக்கா. அந்தப் பணத்திலேயே வீட்டை உயர்த்திக் கட்டலாம், பம்ப் வாங்கலாம் அல்லவா?

கட்டலாம், ஆனால் உடனே முடியாது. முதல் வருடப் பணம் பெரும்பாலும் ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கும் வட்டிக்குமே போய்விடும். அதற்குள் ஒரு வெள்ளம் வந்துவிட்டால், உழைக்கும் ஆளும் இல்லை, கையில் காசும் இல்லை. இந்த இடைவெளிதான் மிக ஆபத்தான காலம் என்பது என் அனுபவம். கடன் தீர்ந்த பிறகு நிலைமை மாறும். நேபாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நாட்டு வருமானத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு அளவுக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறது. சாப்பாடு, மருத்துவம், பள்ளிக் கட்டணம் போக மிஞ்சினால்தான் அஸ்திவாரத்தை உயர்த்துவதைப் பற்றி யோசிப்பார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது.

ஒன்று கேளுங்கள்: பணம் யார் கணக்கில் விழுகிறது? மாமனார் கணக்கிலா, மனைவி கணக்கிலா? தொகையைவிட இது முக்கியம்.

கேள்வி: எச்சரிக்கை கொடுத்தும் பெண்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. இது அலட்சியம்தானே? (தன்னார்வலர்)

இல்லை தம்பி. 1991 ஏப்ரலில் வங்கதேசத்தைத் தாக்கிய புயலில் 20 முதல் 44 வயது வரையுள்ள பெண்களில் ஆயிரத்துக்கு 71 பேர் இறந்தார்கள். அதே வயது ஆண்களில் 15 பேர். பிள்ளைகளையும் வயதானவர்களையும் விட்டு ஓட முடியாதது, நீச்சல் தெரியாதது, கணவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தது, மறைவே இல்லாத முகாம் என்று காரணங்கள் அடுக்கடுக்காக இருந்தன. 2004 சுனாமியில் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் சில கிராமங்களில் பெண்களின் சாவு ஆண்களைப் போல மூன்று, நான்கு மடங்கு. ஆண்கள் பலர் அன்று கடலிலோ வெளியூரிலோ இருந்தார்கள். ஆழ்கடலில் சுனாமி அலை படகுக்கு அடியில் கடந்து போய்விடும். அதன் முழு உயரமும் கரையில்தான்.

இப்போது ஆண் இருப்பது ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். காத்திருப்பது மட்டும் போகவில்லை. வாசலில் காத்திருந்தது போய்ப் போனில் காத்திருக்கிறார்கள்.

எச்சரிக்கை எந்த போனுக்கு வருகிறது என்றும் பாருங்கள். பதிவு செய்த எண்ணுக்கு அனுப்பும் குறுஞ்செய்தி, கணவர் பெயரில் பதிவாகியிருந்தால் அவர் வேலை செய்யும் ஊரில் போய் ஒலிக்கும். ஆற்றில் தண்ணீர் ஏறும் செய்தியை, அந்த ஆறே இல்லாத ஊரில் ஒருவர் ஷிஃப்ட் முடிந்து படித்துக்கொண்டிருப்பார். செல் பிராட்காஸ்ட் முறை வேறு. கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள எல்லா போன்களிலும், எண் யாருடையது என்று பார்க்காமல் அடிக்கும். எந்த முறை வேண்டும் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் கேட்பேன், கூடவே ஒலிபெருக்கியும். வங்கதேசத்தின் புயல் தயார்நிலைத் திட்டத்தில் இன்று ஏறத்தாழ 76,000 தன்னார்வலர்கள், பாதிப்பேர் பெண்கள். ஆண் இல்லாத வீட்டுக் கதவை ஒரு பெண் தட்டிக் கூப்பிட்டால் கிளம்புவது எளிது.

கேள்வி: நிவாரணம் வாங்குவதில் என்ன சிக்கல்?

நான் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். வெள்ளம் வடிந்து ஒன்பதாம் நாள். பதிவு மேசையில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, பிளாஸ்டிக் உறையில் ஈரம் காயாத காகிதங்கள். கணினியில் எல்லாம் ஏறியது. கடைசியில் ஓடிபி கேட்டது. அது போனது கணவரின் எண்ணுக்கு. அவர் வேலையில் இருந்தார், எடுக்கவில்லை. மூன்று முறை அனுப்பினார்கள், மூன்று முறையும் காலாவதி. "அடுத்த ஆள்" என்றார் மேசைக்காரர். அவர் கெட்டவர் இல்லை, பின்னால் நூறு பேர் நின்றார்கள். அந்தப் பெண் ராத்திரி கணவரிடம் பேசி எண்ணை மாற்ற வழி கேட்டாள். எண்ணை மாற்றவும் பழைய எண்ணுக்கு ஓடிபி வர வேண்டுமாம்.

நிலம் யார் பெயரில் என்பதும் இதே கதைதான். பயிர் இழப்பீடு, பயிர்க் கடன், காப்பீடு எல்லாம் பெரும்பாலும் பத்திரத்தில் உள்ள பெயரைத் தேடுகின்றன. உழுதவளின் பெயரை அல்ல. நேபாளம் பெண் பெயரில் நிலம் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் சலுகை தந்தது. 2001 கணக்கெடுப்பில் சுமார் 11 சதவீத வீடுகளில் பெண்கள் பெயரில் நிலமோ வீடோ இருந்தது. 2011-இல் சுமார் 20 சதவீதம். சலுகைக்காகப் பெயரை மட்டும் மாற்றியவர்களும் உண்டு. இருக்கட்டும், பெயர் இருந்தால் மேசையில் பதில் சொல்ல முடியும்.

கேள்வி: வறட்சியைத் தாங்கும் விதை, புது முறைகள் என்று பயிற்சி கொடுக்கிறோம். பெண்கள் வருகிறார்கள், ஆனால் செய்வதில்லை. (தொண்டு நிறுவனப் பணியாளர்)

பயிற்சி முடிந்து அவள் எங்கே போகிறாள் என்று பார்த்தீர்களா? பெண் விவசாயிகளுக்கு ஆண்களுக்குச் சமமாக விதை, உரம், கடன், கருவி கிடைத்தால் அவர்கள் நிலத்தின் மகசூல் 20 முதல் 30 சதவீதம் கூடும் என்று ஐநா உணவு வேளாண் அமைப்பு 2011-இல் கணக்கிட்டது. குறை அறிவில் இல்லை என்றுதானே அர்த்தம்?

கைப்பிடி சுழற்றி ஸ்டார்ட் செய்யும் டீசல் பம்ப் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். சுழற்ற நல்ல வலு வேண்டும். பக்கத்து வயல் ஆண் தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி முடித்துத்தான் வருவார். மழை தப்பிய வாரத்தில் அந்த இரண்டு நாள் தாமதம் பயிரைத் தின்றுவிடும். ஆள் கிடைக்காமல் பாதி நிலத்தைத் தரிசாக விடுவதையும், குறைந்த வேலை கேட்கும் பயிருக்கு மாறுவதையும் "தகவமைப்பு" என்று அறிக்கையில் எழுதுகிறோம். எனக்கு அது பாதி நேரம் கைவிடுதலாகவே தெரிகிறது.

கேள்வி: போன ஆண்களும் வெயிலில் சாகிறார்கள். அதை யார் பேசுவது?

நியாயம். கட்டட வேலைத்தளத்து வெப்பம் தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம். போகவே வசதியில்லாமல் ஊரோடு மாட்டிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. அவர்கள் நிலை இன்னும் மோசம்.

கேள்வி: நான் வெளிநாட்டில் இருக்கிறேன், மனைவியும் அம்மாவும் ஆற்றோர ஊரில். இந்த விடுமுறையில் என்ன செய்துவிட்டு வரலாம் அக்கா?

மனைவி பெயரில் தனிக் கணக்கு. பணம் நேராக அதில் விழட்டும். வீட்டு, நிலத் திட்டப் பதிவுகளில் அவர் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போதே, போன் கையில் இருக்கும்போதே. நிலத்துக்கு அதிகாரப் பத்திரம் எழுத வக்கீலைப் பாருங்கள். காகிதங்களைத் தண்ணீர் புகாத பையில் போட்டு மேலே வையுங்கள், பை இருக்கும் இடம் அம்மாவுக்கும் தெரிய வேண்டும்.

கடைசியாக, அம்மா முன்னிலையிலேயே மனைவியிடம் சொல்லுங்கள்: "தண்ணீர் ஏறினால் என்னைக் கேட்காமல் கிளம்பு. மாட்டை அவிழ்த்துவிடு." அம்மா கேட்கும்படி சொல்ல வேண்டும்.