கட்சிகளுக்கு வரும் பணத்தைப் பற்றிப் படிக்க எதில் தொடங்கலாம்?

இந்தியக் கட்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அறிய ஒரு புத்தகம் கேட்டிருக்கிறீர்கள். தேர்தல் பத்திரச் செய்திகளைப் படித்துக் குழம்பித்தான் இந்தப் பக்கம் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தந்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் தர வங்கியில் வாங்கிய பத்திரங்கள் அவை.

தேவேஷ் கபூரும் மிலன் வைஷ்ணவும் தொகுத்த 'காஸ்ட்ஸ் ஆஃப் டெமாக்ரசி' (2018) நூலில் தொடங்குங்கள். ஆங்கில நூல்தான். கட்டுமானத் தொழில் பற்றிய கட்டுரையை முதலில் படியுங்கள். சட்டமன்றத் தேர்தல் நடக்கும் மாதத்தில் அந்த மாநிலத்தில் சிமென்ட் பயன்பாடு சரிகிறது. கட்டுமான முதலாளிகளின் பணம் கட்டட வேலையை விட்டுத் தேர்தலுக்குத் திருப்பிவிடப்படுவதன் அடையாளம் அது என்பது கட்டுரையாளர்களின் வாதம். கறுப்புப் பணத்தை நேராக அளக்க முடியாதபோது இப்படித்தான் சுற்றி வளைத்துப் பிடிக்க வேண்டும். ஆனால் தொகை எவ்வளவு என்பதைச் சிமென்ட் சொல்லாது. தமிழ்நாட்டில் தலித் கட்சிகளின் நிதி நெருக்கடி பற்றியும் ஒரு கட்டுரை உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

சட்டம் பற்றிய பகுதிகளைப் படிக்கும்போது கவனம் தேவை. நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் தரலாம் என்ற வரம்பை 2017 நிதிச் சட்டம் நீக்கியது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் பத்திரத் திட்டத்தோடு சேர்த்து அந்த நீக்கத்தையும் ரத்து செய்தது. அதற்கு முன் வந்த எந்த நூலிலும் இது இருக்காது.

புத்தகத்தோடு தேர்தல் ஆணையத் தளத்தில் உள்ள இரண்டு ஆவணங்களையும் வைத்துக்கொள்ளுங்கள்: கட்சியின் தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு, 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவர்களின் பெயருள்ள 24ஏ படிவம். கணக்கிலுள்ள நன்கொடைத் தொகையில் படிவத்தின் மொத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவது பெயரில்லாப் பணம். 2017-18 முதல் 2023-24 வரை பத்திரத் தொகை பெரும்பாலும் படிவத்தில் வராது, ஆகவே அதைத் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். படிவத்தில் தேர்தல் அறக்கட்டளையின் (நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கிக் கட்சிகளுக்குத் தரும் அமைப்பு) பெயர் இருந்தால், அந்த அறக்கட்டளையின் அறிக்கையையும் எடுத்தால்தான் பணம் தந்த நிறுவனம் தெரியும்.

பலரும் சறுக்குவது நிதியாண்டில். மக்களவைத் தேர்தல் ஏப்ரல், மே மாதங்களில் வருவதால் வசூல் ஒரு கணக்கிலும் செலவு அடுத்த கணக்கிலும் விழும். ஒரே ஆண்டை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். எந்தப் பத்திரத்தை யார் வாங்கினார், எந்தக் கட்சி பெற்றது என்று எண் வைத்துப் பொருத்த, தேர்தல் ஆணையம் 2024 மார்ச் 21 அன்று வெளியிட்ட பட்டியல் வேண்டும், முந்தைய வாரம் வந்ததில் எண் இல்லை. அதிலும் 2019 ஏப்ரல் 12க்கு முந்தைய விவரம் கிடையாது.

எல்லாக் கட்சியையும் ஒரே தட்டில் வைக்கிறாயா என்று யாராவது கேட்பார்கள். இல்லை. எந்தக் கட்சிக்கும் கணக்குப் போடும் வழி ஒன்றுதான், விடை கட்சிக்குக் கட்சி மாறும்.

ஓர் ஆதங்கம். ஓட்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஏழை வாக்காளரை விடிய விடியத் திட்டுகிறோம். பெரிய மாநிலத்தில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் ரூபாய் உச்சவரம்பு இருக்க, அவருடைய கட்சியின் செலவுக்கு வரம்பே இல்லை என்பதை யாரும் கேட்பதில்லை. அந்தக் கட்சிச் செலவு அறிக்கையும் அதே தளத்தில்தான் இருக்கிறது. பல அறிக்கைகள் ஸ்கேன் செய்த படங்கள், தேடல் வேலை செய்யாது. எண்களைக் கையால் தட்டச்சு செய்ய நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.