புகை நெய்வேலிக்குத்தான் போகிறதா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். டவுனில் உரக்கடை வைத்திருக்கிறேன். போய்வர தினம் 30 கிலோமீட்டர். பழைய பெட்ரோல் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுக்கலாமா என்று யோசனை. கல்லூரியில் படிக்கும் மகளோ, "கரண்ட் நெய்வேலி நிலக்கரியிலதானே வருது? புகை நம்ம தெருவை விட்டு அங்க போகும், அவ்வளவுதான்ப்பா" என்கிறாள். சரியா?

பதில்: பாதி சரி. வருஷத்துக்கு 9,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். லிட்டருக்கு 45 கிடைத்தால் 200 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 460 கிலோ கார்பன் டை ஆக்சைடு. எலெக்ட்ரிக் வண்டிக்கு இதே தூரத்துக்குச் சுமார் 315 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ வெளியாகிறது. ஆக 220 கிலோ. நிலக்கரி கரண்டிலேயே பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. 3 யூனிட் பிடிக்கும் பேட்டரியைத் தயாரிக்கும்போதே 200, 300 கிலோ வெளியாகிவிடும். உங்கள் ஓட்டத்துக்கு அது ஒன்றேகால் வருஷத்துக்குள் ஈடாகிவிடும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வண்டி எடுப்பவர் கேட்டிருந்தால், இருக்கிற வண்டியே ஓடட்டும் என்றிருப்பேன்.

ஆனாலும் உங்கள் மகளின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். 2023 ஜூலையில் நெய்வேலி சுரங்க வேலைக்காகப் பக்கத்து வளையமாதேவி கிராமத்தில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியதை நாம் பார்த்தோம். அதே வருஷம் ஏப்ரலில், டெல்டா முழுக்க எதிர்த்த பிறகுதான் வடசேரி நிலக்கரிச் சுரங்க ஏலத்திலிருந்து விடுபட்டது. வடசேரி உங்களுக்குப் பக்கத்து ஊர். அதனால், கழற்றும் பேட்டரி உள்ள வண்டியாகப் பார்த்து, கடையிலேயே பகலில் சார்ஜ் போடுங்கள். சோலார் மின்சாரம் அதிகம் வருவது அப்போதுதான்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஈய பேட்டரி. லைசென்ஸ் வேண்டாம், 25 கிலோமீட்டர் வேகம் என்று மலிவாக விற்கும் வண்டிகள் பலவற்றில் இதுதான் இருக்கிறது. சீக்கிரமே பழைய இரும்புக் கடைக்குப் போகும். அங்கே சுத்தியலால் உடைத்து, ஈயத் தகட்டை எடுத்துக்கொண்டு, ஆசிடைச் சாக்கடையில் கவிழ்ப்பார்கள். நம் ஊரில் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது? வாய்க்காலுக்கு. வாய்க்கால் வயலுக்கு. விலை குறைவு என்று அதைத் தொடவே தொடாதீர்கள்.

லித்தியம் பேட்டரி வண்டியே எடுங்கள். ஏஐஎஸ் 156 பாதுகாப்புச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பிளக் பாயிண்ட்டைத் திண்ணைக்கு மேலே, ஐப்பசி மழைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அதனால் வீட்டில் ஒரு பெட்ரோல் வண்டியாவது இருப்பது நல்லது.

2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. எங்கே ஒப்படைக்க வேண்டும் என்பதை ஷோரூமில் பில் போடும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.