கெர்பரோஸ் லைப்ரரிய நேரடியா கூப்பிடணுமா, ஜிஎஸ்எஸ்-ஏபிஐ போதுமா?

கேள்வி: ஸ்டாக் பாக்க ஆபீஸுக்குள்ளயே ஒரு டிசிபி சர்வர் சி-ல எழுதறோம். சர்வர் லினக்ஸ், கிளையன்ட் விண்டோஸ், லாகின் எல்லாம் ஆக்டிவ் டைரக்டரி (மைக்ரோசாஃப்டோட யூசர் கணக்கு அமைப்பு, கெர்பரோஸ்ல சரிபாக்கும்). யூசர சரிபாக்க எந்த ஏபிஐ எடுக்கலாம்? பாம், கெர்பரோஸ் லைப்ரரி, ஜிஎஸ்எஸ்-ஏபிஐ, சாஸல்னு நாலு பேர் நாலு சொல்றாங்க.

பதில்: உங்க செட்டப்புக்கு ஜிஎஸ்எஸ்-ஏபிஐ தாங்க, அதாவது கெர்பரோஸ் (பாஸ்வேர்டு அனுப்பாம டிக்கெட் வச்சு ஆள சரிபாக்கிற முறை) மாதிரி முறைகள ஒரே மாதிரி ஃபங்ஷன்ல கூப்பிட வைக்கிற பொது ஏபிஐ. பாம (லினக்ஸோட லாகின் சரிபாக்கிற அமைப்பு) மொதல்ல தள்ளி வைங்க, அதுக்கு பொதுவா பாஸ்வேர்டு உங்க சர்வர் கைக்கே வரணும், காலையில விண்டோஸ்ல லாகின் பண்ணி டிக்கெட்டோட உக்காந்திருக்கிற ஆள்கிட்ட எதுக்கு மறுபடி பாஸ்வேர்டு கேக்கணும், சர்வர ஒருத்தன் உடைச்சா அத்தனையும் அவன் கையில.

கெர்பரோஸ் லைப்ரரிய நேரடியா கூப்பிட்டா கோட் அந்த லைப்ரரியோட ஒட்டிக்கும், விண்டோஸ்ல அந்த ஏபிஐ கூடவே வராது. ஜிஎஸ்எஸ்-ல அந்த வம்பு இல்ல, கெர்பரோஸ் டோக்கன் (சரிபாக்க ரெண்டு பக்கமும் மாத்திக்கிற டேட்டா) எப்படி இருக்கணும்னு 2005ல வந்த ஆர்எஃப்சி 4121ங்கிற இணையத் தர ஆவணம் சொல்லுது, விண்டோஸ்ல இதே வேலைய செய்யற ஏபிஐயான எஸ்எஸ்பிஐயும் அதே டோக்கனத்தான் குடுக்கும், அதனால அந்தப் பக்கம் எஸ்எஸ்பிஐ இந்தப் பக்கம் ஜிஎஸ்எஸ்னு பேச வைக்கலாம்.

ஆனா ஒண்ணு, டோக்கன செஞ்சு குடுக்கிறதோட ஜிஎஸ்எஸ் வேலை முடிஞ்சிருது, அத அந்தப் பக்கம் கொண்டு சேக்கிறது உங்க பொறுப்பு. டோக்கனுக்கு முன்னாடி 4 பைட்ல அதோட நீளத்த எழுதி அனுப்புங்க, எதிர்ப்பக்கம் அவ்வளவையும் படிச்சிட்டுதான் ஃபங்ஷனுக்குக் குடுக்கணும், 'இன்னும் வேணும்'னு பதில் வந்துட்டே இருக்கிற வரைக்கும் லூப்ல சுத்தணும். ஒரே சுத்துல முடியும்னு நம்பி எழுதாதீங்க, சர்வரும் தன்ன நிரூபிக்கணும்னு கேட்டா (கண்டிப்பா கேளுங்க) திரும்பி ஒரு டோக்கன் வரும். முடிஞ்சதும் கேட்ட ஃபிளாக் (இந்த மாதிரி நீங்க கேட்ட பாதுகாப்பு வசதிகள்) எல்லாம் உண்மையிலயே கிடைச்சுதான்னு பாருங்க, இத நெறைய பேர் விட்டுடறாங்க. அதுக்கப்புறம் போற டேட்டாவையும் ஜிஎஸ்எஸ்ஸோட ராப் ஃபங்ஷன் (டேட்டாவுக்கு பாதுகாப்பு உறை போடறது) வழியா அனுப்புங்க, இல்லன்னா லாகின் மட்டும்தான் பத்திரம்.

டெஸ்ட்ல ஃபெயில் ஆனா கோட நோண்டாம மொதல்ல கடிகாரத்த பாருங்க, வழக்கமா 5 நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா கெர்பரோஸ் ஒத்துக்காது. அப்புறம் சர்வரோட பேர். நான் ஒருதடவ ரெண்டு நாள் தேடினது, கடைசியில கிளையன்ட் கான்ஃபிக்ல ஹோஸ்ட் பேருக்குப் பதிலா ஐபி அட்ரஸ், கீடேப்ல (சர்வரோட பேரும் கீயும் இருக்கிற ஃபைல்) இருந்த பேரோட அது எப்படி ஒத்துப்போகும்?

சாஸல் (பல சரிபாப்பு முறைகள்ல ஒண்ண தேர்ந்தெடுக்க விடற அமைப்பு) எப்ப வேணும்னா, நாளைக்கு டொமைன்ல இல்லாத வெளி ஆளுங்களும் பாஸ்வேர்டோட வரணும்னா. அதுல ஸ்கிராமும் (பாஸ்வேர்டு வச்சு சரிபாக்கிற முறை) கெர்பரோஸும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், உள்ள கெர்பரோஸுக்கு ஓடறது இதே ஜிஎஸ்எஸ் தான்.