ஆறு மாதமாக நிரலைத் தொடவில்லை, ஓட்டை எப்படி வந்தது? – கேள்வி பதில்

கேள்வி: எங்கள் செயலியில் ஆறு மாதமாக ஒரு வரிகூட மாற்றவில்லை. அப்போது பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேன் சுத்தமாக வந்தது. நேற்று ஓட்டினால் 17 ஓட்டைகள் காட்டுகிறது. ஸ்கேனரில் கோளாறா சார்?

ஸ்கேனர் சரியாகத்தான் சொல்கிறது. நிரல் மாறவில்லை, அதில் இருக்கும் தப்பைப் பற்றி வெளியே தெரிந்த விஷயம் மாறிவிட்டது. ஹார்ட்பிளீட் என்ற பிழை, இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பிலேயே இருந்தது. அது வெளியில் தெரிந்தது 2014 ஏப்ரலில். நடுவில் இருந்த இரண்டு வருடமும் ஸ்கேனர் அந்தப் பிழையைக் காட்டியிருக்காது. ஸ்கேன் முடிவு அது எடுத்த நாளுக்கு மட்டும்தான் செல்லும். அதனால் புதிதாக எதையும் வெளியிடாவிட்டாலும் தினமும் ஒரு முறை ஓட வையுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் எப்போதும் கடைசி வெர்ஷனில் இருந்தால் போதுமா?

போதாது. எக்ஸ்இசட் யுடில்ஸ் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் 2024-இல் கண்டுபிடித்த பின்கதவு (வேண்டுமென்றே ஒளித்துவைத்த ரகசிய வழி) 5.6.0, 5.6.1 இரண்டு வெர்ஷனிலும் இருந்தது. அப்போது அவைதான் புத்தம் புதியவை. அதற்காகப் பழசிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீம்பொருள் 2017 மே 12-இல் பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே பேட்ச் (திருத்தம்) கொடுத்திருந்தது. நான் செய்வது இதுதான்: பாதுகாப்புத் திருத்தம் என்றால் உடனே, வெறும் புது வசதி என்றால் சில நாள் பொறுத்து.

கேள்வி: பேட்ச் போட்டாச்சு. அந்த ஓட்டைக்காகத் திறந்த வேலைப் பதிவை, அதாவது டிக்கெட்டை, மூடிவிடலாமா அண்ணா?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. நான் அதிகம் பார்த்த தவறு இதில்தான்.

லாக்ஃபோர்ஜே, ஜாவா செயலிகள் பதிவுகளை எழுதப் பயன்படுத்தும் லைப்ரரி. 2021 டிசம்பரில் அதன் ஓட்டைக்குத் திருத்தமாக 2.15.0 வந்தது. அது முழுத் தீர்வு இல்லை என்று 2.16.0 வந்தது. அப்புறம் 2.17.0, அதன் பின் 2.17.1. எல்லாம் அதே மாதத்துக்குள். முதல் பேட்சோடு டிக்கெட்டை மூடியவர்கள் மறுபடி திறக்க வேண்டியிருந்தது.

அடுத்தது, எது ஓடிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் குழுவில் ஒரு முறை லைப்ரரியை அப்டேட் செய்துவிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய மறந்துவிட்டோம். டிஸ்க்கில் புதுசு, மெமரியில் பழசு. மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. லினக்ஸில், திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளையை ஓட்டி, நீக்கப்பட்ட லைப்ரரியை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் புராசஸ் இருக்கிறதா என்று பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பழைய கன்டெய்னர் இமேஜிலிருந்து (செயலியையும் அதன் லைப்ரரிகளையும் சேர்த்துக் கட்டிய பொதி) யாராவது மறுபடி டிப்ளாய் செய்தாலும் மூடிய ஓட்டை திரும்பி வரும்.

சில ஓட்டைகளில் பேட்ச் பாதி வேலைதான். டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் குழு 2006-இல் ஓபன்எஸ்எஸ்எல்லில் செய்த ஒரு மாற்றத்தால், அதில் உருவாக்கிய குறியாக்கச் சாவிகள் எளிதில் ஊகிக்கக்கூடியவையாகிவிட்டன. 2008-இல் சரிசெய்தார்கள். ஆனால் இடையில் உருவான சாவிகளைத் தூக்கிப்போட்டுப் புதிதாக உருவாக்காதவர்களுக்கு அந்தப் பேட்சால் பயன் இல்லை.

கேள்வி: ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் ஓடும் சர்வரில் எல்லா அப்டேட்டும் போட்ட பிறகும் ‘பழைய வெர்ஷன்’ என்று ஸ்கேனர் கத்துகிறதே?

அவர்கள் வெர்ஷன் எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் சேர்ப்பார்கள். எண்ணை நம்பாமல் அவர்களுடைய பாதுகாப்பு அறிவிப்பில் அந்த ஓட்டையின் சிவிஇ எண்ணை (ஒவ்வொரு ஓட்டைக்கும் தரும் பொது அடையாள எண்) தேடுங்கள்.

கேள்வி: 400 ஓட்டைகள் திறந்து கிடக்கின்றன, நாங்கள் இரண்டே பேர். எதில் தொடங்குவது?

ஓட்டையின் தீவிரத்தைச் சொல்லும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண்ணை மட்டும் வைத்து வரிசை போடாதீர்கள். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, உண்மையில் தாக்குதலுக்குப் பயன்பட்ட ஓட்டைகளைத் தனிப் பட்டியலாக வெளியிடுகிறது. அதில் இருப்பவையும் இணையத்துக்குத் திறந்த சர்வரில் இருப்பவையும் முதலில். ஒன்றைத் தள்ளிப்போட்டால் காரணத்தோடு மறுபடி பார்க்கும் தேதியையும் எழுதி வையுங்கள். ஓட்டை உள்ள ஃபங்ஷனை நம் நிரல் கூப்பிடுவதில்லை என்று தள்ளிப்போட்டிருப்பீர்கள். இன்று யாரும் கூப்பிடாத அந்த ஃபங்ஷனை, அடுத்த வெளியீட்டில் உங்கள் குழுவிலேயே ஒருவர் கூப்பிடத் தொடங்கலாம்.